மலை ஏறிய ஜீப்பும் மக்கர் செய்த கிளட்சும்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு பஸ்ஸிலோ ஜீப்பிலோ போனவர்களுக்கு ஒரு வாசனை பழக்கமாகியிருக்கும். பெருமாள்மலை தாண்டி, வெள்ளி நீர்வீழ்ச்சியைக் கடந்து, செண்பகனூர் வளைவுகளில் வண்டி முக்கி முனகி ஏறும்போது, குளிர்ந்த காற்றோடு சேர்ந்து கருகிய வாடை ஒன்று வரும். யூகலிப்டஸ் வாசனை இல்லை, டீசல் புகையும் இல்லை. "கிளட்ச் கருகுது" என்று பின்சீட்டில் யாராவது ஒரு அனுபவசாலி சொல்லுவார். டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அந்த வாடைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. கொடைக்கானல் மலைக்கு வண்டி ஏறிய கதை, ஜீப் நம் ஊருக்கு வந்த கதை, மூன்று கியர் வண்டிக்கு நான்கு கியர், ஐந்து கியர் பெட்டிகளைப் பட்டறையில் மாட்டிய கதை எல்லாம் அதில் அடக்கம். கியர்பாக்ஸை மாற்றிய பிறகு கிளட்ச் தகராறு செய்வது உலகம் முழுக்க மெக்கானிக்குகளுக்குத் தலைவலிதான். சமவெளியில் அது வெறும் தலைவலி. மலையில் அது உயிர்ப் பிரச்சினை.

சக்கரம் வருவதற்கு முன்

மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியது 1845-இல். அப்போது மேலே போக வழி என்றால் பெரியகுளம் பக்கமிருந்து செங்குத்தாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான். வெள்ளைக்காரர்கள் டோலியிலும் நாற்காலியிலும் போனார்கள். அதைத் தூக்கியவர்கள் கூலிகள். அதனாலேயே அந்தப் பாதைக்கு "கூலி காட்" என்று பெயர் வந்தது. 1875-இல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன் அதுதான். ஆனால் ஸ்டேஷனில் இறங்கியவர்கள் அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையடிவாரம் போய், மறுபடியும் டோலி ஏற வேண்டியிருந்தது.

மேஜர் லா என்ற அதிகாரி 1870-களில் வத்தலக்குண்டு பக்கமிருந்து வேறொரு பாதைக்குத் தடம் அளந்தார். தூரம் அதிகம், ஆனால் ஏற்றம் மெதுவானது. இன்றும் அதை "லாஸ் காட்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தத் தடம் மோட்டார் வண்டி போகும் சாலையாக முழுமை பெற 1910-களின் நடுப்பகுதி வரை ஆனது. செண்பகனூரில் இயேசு சபையினர் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கியது 1895-இல். அதாவது மோட்டார் சாலைக்கும் முன்பே அந்தப் பெரிய கட்டடம் மலையில் வந்துவிட்டது.

இந்தச் சாலையை ஒரு கணக்காகப் பார்த்தால் விஷயம் புரியும். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். ஏறத்தாழ 1,800 மீட்டரை ஒரு வண்டி நிற்காமல் ஏற வேண்டும். மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தியும் குறையும். 2,100 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய இன்ஜினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கிவிடும். சாலை அதிக சக்தி கேட்கும் இடத்தில் இன்ஜினிடம் சக்தி குறைகிறது! இந்த இடைவெளியை நிரப்ப டிரைவரிடம் இருப்பவை இரண்டே ஆயுதங்கள். ஒன்று கியர், இன்னொன்று கிளட்ச்.

கிளட்ச் பிறந்த கதை

கிளட்ச் என்பது இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கவும் பிரிக்கவும் இருக்கிற ஒரு கை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஃப்ளைவீல். அதை ஒட்டி, இரண்டு பக்கமும் லைனிங் ஒட்டிய ஒரு தட்டு இருக்கும். அதுதான் கிளட்ச் பிளேட். அதைப் பின்னாலிருந்து ஸ்பிரிங் பலத்தில் அழுத்துவது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ஒரு ஃபோர்க், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் ஸ்பிரிங்கைத் தள்ளும், தட்டு விடுபடும். காலை எடுத்தால் மறுபடியும் தட்டு இறுக்கப்படும். இவ்வளவுதான்.

முன்னால் இன்ஜின், அதற்குப் பின் கிளட்ச், அதற்குப் பின் கியர், கடைசியில் பின்சக்கரம் என்ற வரிசையை 1891-இல் பிரான்ஸின் பனார்ட்-லவாஸர் கம்பெனி நிலைநாட்டியது. அந்தக் கால கிளட்ச் கூம்பு வடிவில், தோல் ஒட்டியதாக இருக்கும். தோல் காய்ந்தால் கவ்விக் குலுங்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். இங்கிலாந்தின் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897 வாக்கில் உராய்வுப் பட்டைகள் செய்யத் தொடங்கினார். மலைச்சரிவில் குதிரை வண்டிக்காரர்கள் பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை அடித்து ஓட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது என்பார்கள். ஃபெரோடோ என்ற பிரபலமான லைனிங் கம்பெனி அப்படித்தான் பிறந்தது. லைனிங்கின் கதையே ஒரு மலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது பாருங்கள்!

1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் கியர் மாற்றும் முறையே வேறு. பெடலை மிதித்தால் கிரகச் சக்கர அமைப்பு வேலை செய்யும். அதில் பெட்ரோல் தானாக வழிந்து இன்ஜினுக்கு வரவேண்டும் என்பதால், செங்குத்தான மேட்டில் முன்புறமாக ஏறினால் பெட்ரோல் வராது. அதனால் பலர் ரிவர்ஸிலேயே மலை ஏறினார்கள்.

மற்ற வண்டிகளில் இருந்தவை "கிராஷ்" கியர்கள். கியர் மாற்றும்போது கிளட்சை ஒரு தடவை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரை லேசாகத் தட்டி, மறுபடியும் மிதித்து அடுத்த கியரில் போட வேண்டும். இதுதான் டபுள் கிளட்ச். பழைய லாரி டிரைவர்களின் வித்தையே இதில்தான் இருந்தது. 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் சின்க்ரோமெஷ் வந்தது. கியர் சேருவதற்கு முன்பே பித்தளை வளையம் ஒன்று இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கிவிடும். ஆனால் அது கிளட்ச் முழுசாக விடுபட்டால் மட்டுமே வேலை செய்யும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜீப் வந்தது

இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் ஏராளமான வண்டிகள் ராணுவ டிஸ்போசலில் வந்தன. 1947-இல் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. சிறிது காலத்தில் அது இந்திய வண்டியாகவே ஆகிவிட்டது.

பழனி மலைத் தொடரில் ஜீப்புக்கு இருந்த மரியாதை வேறு எந்த வண்டிக்கும் இல்லை. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி போன்ற மேல்மலைக் கிராமங்களில் உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளைகின்றன. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூண்டு மூட்டையை வயலிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவந்ததில் ஜீப்புக்குப் பெரிய பங்கு உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து கேரள ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப் போனதும் ஜீப்தான். 4 பேர் போகும் வண்டியில் 14 பேர் போனார்கள்.

ஆனால் ஜீப்பின் கியர்பாக்ஸில் ஒரு குறை இருந்தது. டி-90 என்ற அந்தப் பெட்டியில் முன்னோக்கிப் போக மூன்று கியர்கள் மட்டும். முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 2.80, இரண்டாவது 1.55, மூன்றாவது 1. முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது.

இதன் அர்த்தம் என்ன? முதல் கியரில் இன்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது இரண்டாவதுக்கு மாற்றினால் சுற்று 1,660 ஆகச் சரிந்துவிடும். சம ரோட்டில் பரவாயில்லை. மூட்டை ஏற்றிய வண்டி செண்பகனூர் ஏற்றத்தில் 1,660 சுற்றில் என்ன செய்யும்? திணறும். மறுபடி முதல் கியருக்கு வரவேண்டும். ஓடும் வண்டியில் முதல் கியர் சுலபமாக விழாது. அப்போது டிரைவர்கள் செய்ததுதான் அரை கிளட்ச். பெடலைப் பாதி மிதித்தபடி இன்ஜினை உறுமவிட்டு வளைவைத் தாண்டுவது. தட்டு உரசும், சூடாகும், கருகும். ஆரம்பத்தில் சொன்ன வாடை இதுதான்.

"ஜீப்பில் 'லோ' கியர் இருக்கிறதே, அதைப் போடலாமே?" என்று கேட்கலாம். பழைய ஜீப்பில் நான்கு சக்கரமும் சேர்ந்தால்தான் லோ விழும். தார் ரோட்டில் நான்கு சக்கரத்தையும் பூட்டிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்பினால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட முயன்று இறுகிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், கியர் பற்கள் நோகும். அது சேற்றுக்கும் மண்பாதைக்கும் உரியது.

மாற்றுப் பெட்டிகள்

பெட்ரோல் விலை ஏறியதும் டீசல் மோகம் வந்தது. டிராக்டர் பரம்பரையில் வந்த டீசல் இன்ஜினை மஹிந்திராவே ஜீப்பில் வைத்தது. பிறகு பிரான்ஸின் பெஜோ கம்பெனியின் உரிமத்தில் செய்த 2,112 சிசி டீசல் இன்ஜின் வந்தது. எம்எம் 540 போன்ற வண்டிகளில் நான்கு கியர் பெட்டி வந்தது. அதற்குப் பின் வந்த மாடல்களில் ஐந்து கியர்.

புது வண்டி வாங்க எல்லோராலும் முடியுமா? பழைய ஜீப் வைத்திருந்தவர்கள், விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்தோ காயலான் கடையிலிருந்தோ நான்கு கியர், ஐந்து கியர் பெட்டிகளை வாங்கிப் பட்டறையில் மாட்டினார்கள். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இருந்த பள்ளம் நிரம்பியது. ஏற்றம் சுலபமானது. சந்தோஷம்தான்.

மதுரை வட்டாரத்துக்கு இப்படி வண்டியை மாற்றி அமைப்பது புதுசல்ல. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது டி.வி.எஸ். நிறுவனம் மரக்கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கும் சாதனத்தைச் செய்து பஸ்களிலும் லாரிகளிலும் பொருத்தியது. கரிவாயுவில் இன்ஜினின் சக்தி கணிசமாகக் குறையும். அதை கியரிலும் கிளட்சிலும்தான் ஈடுகட்டியாக வேண்டும்.

அம்பாசடரின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இந்திய வடிவம். 1489 சிசி இன்ஜின், ஸ்டியரிங்கை ஒட்டிய நான்கு கியர். 1990-களின் தொடக்கத்தில் 1817 சிசி இசுஸு இன்ஜினும் தரையில் கியர் லீவர் வைத்த ஐந்து கியர் பெட்டியும் அதில் வந்தன. 2014 மே மாதத்தில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. ஆனால் அங்கே மாற்றத்தைச் செய்தது கம்பெனி. இன்ஜின், பெல் ஹவுசிங், கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரைபடம் போட்டுச் செய்தார்கள். பட்டறையில் மாற்றும்போது அந்த வரைபடம் இருப்பதில்லை. வித்தியாசம் இங்கேதான்.

நான்கு அளவுகள்

கியர்பாக்ஸ் மாற்றிய வண்டி பட்டறையிலிருந்து வெளியே வந்ததும் வரும் முதல் புகார், "கியர் விழ மாட்டேங்குது." உடனே சந்தேகம் புதுசாக வந்த பெட்டி மேல்தான் போகும். "செகண்ட் ஹேண்ட் பெட்டி, பல்லு போயிருக்கும்" என்று பிரித்துப் பார்ப்பார்கள். உள்ளே எல்லாம் நன்றாகவே இருக்கும். பல தடவை தகராறு பெட்டியில் இருப்பதில்லை. வெவ்வேறு வண்டிகளுக்காகப் பிறந்த இரண்டு பாகங்கள் சந்திக்கும் அந்த ஒரு முழ இடத்தில் இருக்கிறது. அங்கே ஒத்துப்போக வேண்டிய அளவுகள் நான்கு: ஆழம், மையம், தூரம், முகம்.

முதலாவது ஆழம். கியர்பாக்ஸிலிருந்து நீண்டு வரும் உள்தண்டின் நுனி, கிராங்க் ஷாஃப்டின் நடுவே உள்ள பைலட் புஷ்ஷுக்குள் உட்கார வேண்டும். இன்ஜினும் பெட்டியும் நேரடியாகப் பொருந்தாதபோது நடுவில் ஓர் இரும்புத் தகடு, அதாவது அடாப்டர், வைப்பார்கள். நுனி புஷ்ஷுக்குள் 15 மி.மீ. போக வேண்டிய இடத்தில் 12 மி.மீ. தகடு வைத்தால் மீதி 3 மி.மீ. தான். தண்டு பிடிமானம் இல்லாமல் ஆடும், சில மாதங்களில் புஷ்ஷைத் தின்றுவிடும். தண்டு நீளமாக இருந்தால் இதற்கு நேர் எதிர். நுனி கிராங்கில் போய் முட்டும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் தண்டு இன்ஜினோடு சேர்ந்தே சுற்றும். புஷ் இறுக்கமாக இருந்தாலும் இதே கதைதான். மாட்டுவதற்கு முன் ஸ்கேல் வைத்து இரண்டு பக்க ஆழத்தையும் அளந்தால் ஐந்து நிமிட வேலை. மாட்டிய பிறகு என்றால் ஒரு நாள் வேலை.

இரண்டாவது மையம். கிராங்கின் மையமும் பெட்டியின் மையமும் ஒரே கோட்டில் வர வேண்டும். அடாப்டரை லேத்தில் கடையாமல் கையால் துளை போட்டால் மையம் விலகும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்குக்குள் இருப்பது நல்லது. அது ஏறத்தாழ 0.13 மி.மீ. மையம் விலகிய வண்டியில் கிளட்சை விடும்போது உடம்பெல்லாம் குலுங்கும். சில நேரம் பிளேட்டின் நடுப்பகுதியே பிய்ந்துவிடும். இன்னொரு பழக்கமும் இதில் சேரும். பெட்டியை ஏற்றும்போது கை வலித்ததும், அதன் முழு எடையும் பிளேட்டில் தொங்கும்படி ஒரு நிமிடம் விட்டுவிடுவார்கள். பிளேட் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்துவிடும். வளைந்த பிளேட் எப்போதும் முழுசாக விடுபடாது.

மூன்றாவது தூரம். பெடலிலிருந்து பேரிங் வரை எவ்வளவு நகர்வு போய்ச் சேர்கிறது என்பது. பழைய ஜீப்பில் கம்பியும் குறுக்குக் குழாயும் லீவர்களும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தன. குழாயின் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை இன்ஜின் பக்கத்தில். புதுப் பெட்டி வந்து அந்த முனை ஒரு அங்குலம் நகர்ந்தாலும் லீவர்களின் கோணம் மாறி நகர்வு குறையும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தளர்ந்தால் இன்னும் மோசம். இன்ஜின் அசையும்போதெல்லாம் கிளட்சை யாரோ மிதிப்பது போல ஆகும்.

எண்ணெயால் இயங்கும் கிளட்ச் என்றால் கணக்கு வேறு. உதாரணமாக மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் 5/8 அங்குலம், கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டர் 7/8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மாஸ்டர் 30 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் ஏறத்தாழ 15.3 மி.மீ. நகரும். புதுப் பெட்டியோடு வந்த ஸ்லேவ் 1 அங்குலமாக இருந்தால் அதே மிதிக்கு 11.7 மி.மீ. தான். கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது! பெடல் மெத்தென்று சுகமாக இருக்கும், ஆனால் கிளட்ச் விடாது. ஏர் இருக்கிறது என்று நினைத்து நாள் பூராவும் ஏர் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது முகம். அதாவது பிளேட், ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் மூன்றும் தொட்டுக்கொள்ளும் பரப்பு. கிளட்ச் எவ்வளவு விசையைக் கடத்தும் என்பது ஸ்பிரிங்கின் அழுத்தத்தையும், லைனிங்கின் பிடிப்பையும், பிளேட்டின் சராசரி ஆரத்தையும் பொறுத்தது. எட்டரை அங்குல பிளேட்டுக்குப் பதில் 9.25 அங்குல பிளேட் போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, பிடிமானம் சுமார் 9 சதவீதம் கூடும். ஆனால் பெரிய பிளேட் பழைய ஃப்ளைவீலில் உட்காராது. பிளேட்டின் நடுப் பற்கள் புதுத் தண்டின் பற்களோடும் பொருந்த வேண்டும். நடுவில் உள்ள சுருள் ஸ்பிரிங்குகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் முக்கியம். திருப்பி மாட்டினால் அவை ஃப்ளைவீல் போல்ட்டில் இடிக்கும். பெட்ரோல் ஜீப்பின் அழுத்த விகிதம் 6.5-க்குக் கொஞ்சம் குறைவு. டீசலில் 20-க்கும் மேல். டீசலின் ஒவ்வொரு அடியும் பலமாக இருக்கும் என்பதால், அந்தச் சுருள்கள் இல்லாத பிளேட்டை டீசலுக்குப் போட்டால் கியர்பாக்ஸ்தான் அடி வாங்கும்.

கண்டுபிடிக்கும் வரிசை

பிரிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்த பிறகுதான் எதுவும்.

இன்ஜின் ஓட, பெடலை முழுசாக மிதித்துப் பத்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட வேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. மெதுவாக விழுந்தால் கிளட்ச் நன்றாக விடுகிறது. கரகரவென்று அரைத்தால் தண்டு இன்னும் சுற்றுகிறது. அப்போது ஃப்ரீ ப்ளேயைச் சற்றுக் குறைத்துப் பார்க்க வேண்டும். அரைப்பது குறைந்தால் தகராறு தூரத்தில். கொஞ்சமும் மாறாவிட்டால் ஆழத்திலோ, பிளேட்டிலோ. ஃப்ரீ ப்ளேயை அடியோடு இல்லாமல் செய்துவிடக் கூடாது. போர்க்கால ஜீப்புக்குப் பெடலில் முக்கால் அங்குலம் சும்மா நகர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் பேரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்து, பிளேட் வழுக்க ஆரம்பிக்கும்.

ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, ஓடும்போது மட்டும் மற்ற கியர்கள் முரண்டு பிடித்தால் கியர் எண்ணெயைப் பார்க்க வேண்டும். பின் ஆக்ஸிலுக்கு உரிய கனமான எண்ணெயைப் பெட்டியில் ஊற்றினால், பித்தளை வளையத்துக்குப் பிடிமானம் கிடைக்காது. டிசம்பர், ஜனவரி மாதத்தில் மலையில் விடிகாலை அந்த எண்ணெய் தேன் போல உறைந்திருக்கும். வெயில் ஏறியதும் கியர் தானாகச் சரியாகிவிடும். பழி மட்டும் கிளட்ச் மேல்.

வடகிழக்குப் பருவமழையில் பல நாள் நிறுத்தி வைத்த வண்டியில் இன்னொரு கோளாறு வரும். ஈரத்தில் ஃப்ளைவீல் துருப்பிடித்து பிளேட் அதோடு ஒட்டிக்கொள்ளும். இதற்கும் மாற்றிய பெட்டிக்கும் சம்பந்தமில்லை.

ஏற்றத்தில் டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் அது ஸ்லிப். ஃப்ரீ ப்ளே சரியாக இருந்தும் ஸ்லிப் ஆனால், கிராங்கின் பின் சீலிலிருந்தோ பெட்டியின் முன் சீலிலிருந்தோ எண்ணெய் கசிந்து லைனிங்கில் பட்டிருக்கலாம். எண்ணெய் குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவி மறுபடி போடுவது வீண் வேலை.

சத்தத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. பெடலைத் தொட்டதும் கீச்சென்று வந்தால் ரிலீஸ் பேரிங். முழுசாக மிதித்து, கியரில் நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் புஷ். நியூட்ரலில் காலை எடுத்ததும் வந்து, மிதித்தால் நின்றால் பெட்டியின் முன் பேரிங். மூன்றும் மூன்று இடம்.

பட்டறைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, பழைய லைனிங் தூசி. அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. பெல் ஹவுசிங்கைத் திறந்ததும் காற்றடித்து ஊதுவது பரவலான பழக்கம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றுநோயைக் கொடுக்கும். ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

சட்டமும் சரிவும்

2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தில் ஏறிய விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்பது அதன் சாரம். இன்ஜின் மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பட்டறை சாமர்த்தியத்துக்கு இது பூட்டு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். ஆனால் அந்தச் சாமர்த்தியத்தின் விலையைக் கட்டியவர்கள் பின்சீட்டில் இருந்தவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கிளட்ச் விடாத வண்டியை இறக்கத்தில் சின்ன கியருக்கு மாற்ற முடியாது. அப்படியே நியூட்ரலில் மாட்டிக்கொண்டால், இன்ஜின் பிடிமானம் இல்லாமல் முழு பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடாகிச் சூடாகிக் கடைசியில் பிடிக்காமலே போகும். வழுக்கும் கிளட்ச் என்றால் ஏற்றத்தில் நின்ற வண்டி முன்னால் போகாது, பின்னால்தான் போகும். மலைச் சாலையில் பின்னால் என்பது பல இடங்களில் பள்ளம்.

டோலியைத் தூக்கிய நான்கு பேரும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் டோலி சாயாமல் மலை ஏறும். அதற்காக ஆட்களை உயரம் பார்த்துச் சேர்ப்பார்கள். கியர்பாக்ஸ் மாற்றமும் அப்படித்தான். பெட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இன்ஜினோடு அது தோள் சேரும் இடத்தில் அளவு ஒத்துப்போக வேண்டும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஸ்கேலை எடுப்பவரே நல்ல மெக்கானிக்.